எரிந்தால் யார் கணக்கு? திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஒரு காப்பீடு உருவான விதம்

பின்னணி

2021 மார்ச் வரை இந்தியாவில் எட்டு மெஷின் போட்ட தையல் யூனிட்டுக்கும் பெரிய நூற்பாலைக்கும் தீ காப்பீட்டுப் பாலிசி ஒன்றேதான். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) அதைப் பிரித்தது. வீடுகளுக்கு பாரத் கிருஹ ரக்ஷா. ஓரிடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இந்தப் பெயர்களைத் திருப்பூரில் ஒருவரிடம் இரண்டாவது தடவை சொல்லச் சொன்னால் நமக்கே நாக்கு குழறும். ஆனால் உள்ளடக்கம் நல்லது. தீயோடு வெள்ளம், புயல், இடி, கலவரம் எல்லாம் சேர்ந்தே வரும். காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் இழப்பீட்டில் கை வைக்க மாட்டார்கள். இடிபாடு அகற்றும் செலவு, மறுபடி தொழில் தொடங்கும் செலவு போன்றவையும் ஓர் அளவு வரை கூடுதல் பிரீமியம் இல்லாமலே உண்டு.

நான் அப்போது ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் சிறுதொழில் பாலிசிகளை வடிவமைக்கும் குழுவில் இருந்தேன். திருப்பூர் கிளை எங்களுக்கு ஒரு புதிராக இருந்தது. பனியன் ஏற்றுமதியில் உலகம் அறிந்த ஊர், தெருவுக்குத் தெரு யூனிட், எளிதில் தீப்பிடிக்கும் பஞ்சும் துணியும். அப்படியும் சிறிய யூனிட்டுகளில் தாமாக வந்து பாலிசி எடுத்தவர்கள் மிகக் குறைவு. 2021 கடைசியிலிருந்து 2024 தொடக்கம் வரை ஏற்றுமதிக் கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்காக நாங்கள் ஒரு திட்டத்தை வடிவமைத்து விற்று, அதில் ஒரு பெரிய கிளெய்மையும் பார்த்தோம். அந்த அனுபவத்தின் பதிவு இது.

முதல் திட்டம்

முதலில் கொண்டுபோனது வழக்கமான பேக்கேஜ். சூக்ஷ்ம பாலிசியை அடியில் வைத்து, அதன் மேல் திருட்டு, பணம் கொண்டுபோகும்போது கொள்ளை, இயந்திரப் பழுது, ஊழியர் மோசடி, கண்ணாடி உடைதல் என்று பிரிவுகளை அடுக்கியிருந்தோம். எத்தனை பிரிவு எடுக்கிறாரோ அத்தனைக்குத் தள்ளுபடி. கடைக்காரர்களிடம் இது போகும். தையல் யூனிட்டில் கண்ணாடியும் கிடையாது, கல்லாப்பெட்டியும் கிடையாது.

வாங்கிய சிலரும் பெரும்பாலும் வங்கி வழியாக வந்தவர்கள். மெஷின் கடனுக்காக வங்கியே பாலிசி போட்டு, பிரீமியத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு கடன் முடிந்தால் பாலிசியும் முடிந்துவிடும். கிளை மேலாளர் பிரீமியம் அதிகம் என்றார். தலைமை அலுவலகம் விழிப்புணர்வு போதவில்லை என்றது. காப்பீட்டில் எதுவும் விற்காதபோது இந்த இரண்டு காரணங்களில் ஒன்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, யூனிட்டுகளுக்குள் போய் உட்கார்ந்து பார்ப்பது என்று குழு முடிவு செய்தது.

யூனிட்டுகளில் கண்டது

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு யூனிட். தகரக் கூரை, இரண்டு வரிசை பவர் டேபிள், ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்கள் கலந்து. ஓரத்தில் அயர்ன் டேபிள், அதை ஒட்டியே கட்டிங் முடிந்து வந்த பண்டல்கள் இடுப்புயரத்துக்கு. எங்கள் கிளை அதிகாரி வழக்கம்போல, "உங்க சொத்து மதிப்பு எவ்வளவுங்க வரும்?" என்று படிவத்தைத் திறந்தார். உரிமையாளர் சிரித்துவிட்டார்.

"கட்டடம் வாடகைங்க. மெஷின்ல பாதி பைனான்ஸுங்க. துணி கம்பெனிக்காரங்களுது. இதுல எதைங்க சார் என்னுதுன்னு எழுதட்டும்?"

எங்கள் முதல் திட்டம் ஏன் நகரவில்லை என்பதற்கான காரணம் கிட்டத்தட்ட முழுதாக அந்தப் பதிலில் இருந்தது. தீ காப்பீடு சொத்து உள்ளவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஜாப் ஒர்க் செய்பவரிடம் பெரிய சொத்து இல்லை, பெரிய பொறுப்புதான் இருக்கிறது. ஏற்றுமதிக் கம்பெனி டெலிவரி சலான் போட்டுத் துணியை அனுப்புகிறது. திருப்பூரில் எல்லோருக்கும் அது 'டி.சி.' தைத்துத் திருப்பிக் கொடுக்கும் வரை அந்தத் துணிக்கு யூனிட்காரரே ஜவாப்தாரி. எரிந்தாலோ நனைந்தாலோ கம்பெனி டெபிட் நோட் போட்டு அவருடைய கூலி பில்லில் கழித்துக்கொள்ளும். அடுத்தவர் சரக்கு நம் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பாலிசியில் சொல்லி எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயரின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எங்கள் முதல் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

வங்கி போட்ட பாலிசிகளையும் வாங்கிப் பார்த்தோம். பலர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை, வங்கியிலிருந்து நகல் வாங்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றில் முகவரி பழைய ஷெட்டின் முகவரி. யூனிட் இரண்டு தெரு தள்ளி மாறியிருந்தது, பிரீமியம் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. "பேங்க்ல ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்குதுங்க" என்ற பதிலுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

அடுத்தது சனிக்கிழமை. திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை கைக்கு வந்தாக வேண்டும். ஒரு சனிக்கிழமை தவறினால் டெய்லர் திங்கட்கிழமை பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார். தீப்பிடித்தால் எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்டபோது, மெஷின் போவதைவிட ஆட்கள் போவதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். மெஷின் பழைய மார்க்கெட்டில் கிடைத்துவிடும். பழகிய செட்டை மறுபடி சேர்ப்பதற்குள் சீசன் போய்விடும்.

தொழிலாளர் காயம் பற்றி நாங்கள் கேட்கவேயில்லை, அவர்களாகவே கேட்டார்கள். அப்போது பத்துப் பேருக்குக் குறைவான யூனிட் இ.எஸ்.ஐ.க்குள் வராது. ஆனால் அப்போது அமலில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலை நேர விபத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. விரலில் ஊசி ஏறுவது அவர்களுக்கு அன்றாடம். கட்டிங் மெஷினில் விரல் போனால் என்ன செய்வது என்பதுதான் கவலை.

இதற்கு நடுவே நூல் விலையும் சேர்ந்துகொண்டது. 2021–22இல் பருத்தி நூல் விலை தாறுமாறாக ஏறி, 2022 மே மாதம் திருப்பூரில் இரண்டு நாள் கதவடைப்பே நடந்தது. அதே எடைத் துணியின் மதிப்பு ஏறிவிட்டது, பாலிசியில் இருந்த தொகையோ பழையது. உதாரணமாக, 10 லட்சத்துக்கு எடுத்த இடத்தில் 16 லட்சம் மதிப்புச் சரக்கு இருந்து, அதில் 4 லட்சத்துக்கு நனைந்தால், காப்பீடு குறைந்த அதே விகிதத்தில் (16க்கு 10) இழப்பீடும் குறைந்து 2.5 லட்சம்தான் வரும். 15 சதவீதச் சலுகை இந்த இடைவெளிக்கு எட்டாது. இந்தக் கணக்கைக் கேட்ட யாரும் அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "நான் 10 லட்சத்துக்குக் கட்டியிருக்கேன், 4 லட்சம்தானே கேக்கறேன்" என்பதே எல்லோருடைய வாதமும்.

எடுத்த முடிவுகள்

2022 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பெரும்பாலான பொதுக் காப்பீட்டுத் திட்டங்களை முன் அனுமதிக்குக் காத்திராமல் சந்தைக்குக் கொண்டுவந்து, பிறகு தாக்கல் செய்யலாம் என்று தளர்த்தியது. அந்த வசதியால்தான் நாங்கள் சோதித்துப் பார்க்க முடிந்தது. சூக்ஷ்ம பாலிசியின் வாசகத்தைத் தொடவில்லை, சுற்றியிருந்த பிரிவுகளை மட்டும் பிரித்துப் போட்டோம்.

பொறுப்பில் உள்ள துணியை முதல் பிரிவாக்கினோம். சீசனில் ஷெட்டில் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு துணி நிற்கும் என்பதை உரிமையாளர் சொல்வார், அதுவே வரம்பு. மாதாமாதம் கையிருப்பைத் தெரிவிக்கும் வகைப் பாலிசிகள் உண்டு, ஆனால் ரிட்டர்ன் தாக்கலையே ஆடிட்டர் ஆபீஸிடம் விட்டிருப்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இந்தப் பிரிவில் மட்டும் விகிதக் கழிவு கிடையாது என்று எழுதினோம். வரம்புக்குள் எவ்வளவு இழப்போ அவ்வளவும் வரும். இதற்கு, ஆபத்தைக் கணித்துப் பிரீமியத்தை முடிவு செய்யும் அண்டர்ரைட்டிங் துறை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. விகிதக் கழிவு இல்லையென்றால் எல்லோரும் குறைந்த வரம்பு வைத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் பயம், அது நியாயமான பயமும்கூட. கடைசியில் பிரீமிய விகிதத்தைச் சற்று உயர்த்தி, வரம்புக்கு ஓர் உச்சமும் வைத்து ஒத்துக்கொண்டார்கள்.

இழப்புக்கு ஆதாரமாக டி.சி.யையே ஏற்பது என்று வைத்தோம். ஜி.எஸ்.டி. விதிகளின்படி அதில் அளவும் மதிப்பும் இருந்தாக வேண்டும், யூனிட்டில் அது ஏற்கெனவே ஃபைலில் கிடக்கிறது. புதிதாக எந்த ரெஜிஸ்டரும் கேட்கவில்லை.

சனிக்கிழமைச் சம்பளத்துக்குத் தனிப் பிரிவு. யூனிட் ஓடவில்லை என்பதை சர்வேயர் முதல் வருகையில் உறுதி செய்தால் போதும். இறுதி அறிக்கைக்குக் காத்திராமல் வாரத்துக்கு இவ்வளவு என்று முன்பே பேசிய தொகை, நான்கு வாரம் வரை. தொழில் நின்றதால் போகும் லாபத்துக்கான காப்பீட்டையே தரலாமே என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டும், மொத்த லாபம் தெரிய வேண்டும். இந்த யூனிட்டுகளில் பலர் வருமான வரியில் அப்போதைய 44ஏ.டி. பிரிவில், கணக்குப் புத்தகம் வைக்காமல் உத்தேச லாபம் காட்டியவர்கள். இல்லாத கணக்கை இழப்பு நடந்த பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும். நிலையான தொகை குறைவுதான், ஆனால் அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்பைச் சேர்த்தோம். இயந்திரப் பழுது, பணம், மோசடி, கண்ணாடி நான்கையும் தூக்கிவிட்டோம். திருட்டு வேண்டுமா என்பதை யூனிட்காரரின் விருப்பத்துக்கு விட்டோம்.

பிரீமியத்தை மாதத் தவணையாக்கக் கேட்டவர்கள் நிறைய. அதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவின்படி பிரீமியம் கைக்கு வந்த பிறகே நிறுவனம் பொறுப்பேற்க முடியும். எங்களால் முடிந்தது தேதியை மாற்றுவது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் போனஸுக்குப் பணம் புரட்டும் காலம், அப்போது பிரீமியம் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரிதான் பதில் வரும். புதுப்பிக்கும் தேதிகளைத் தை, மாசிப் பக்கம் தள்ளினோம். சின்ன மாற்றம்தான், ஆனால் கிளையில் இருந்தவர்கள் இதைத்தான் அதிகம் பாராட்டினார்கள்.

அப்புறம் ஒரே பக்கத் தமிழ்த் தாள். எதற்கெல்லாம் பணம் வராது என்பது அதில் மேலே இருக்கும். ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய மோட்டாருக்கே பணம் வராது, அதிலிருந்து பரவிய தீயில் போன மற்றவற்றுக்கு வரும். தீக்குப் பின் ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும் அடிப்படைப் பாலிசியில் அடங்கும், சாதாரணத் திருட்டு அடங்காது. சட்டத் துறை இந்த வரிசையை மாற்றச் சொன்னது, விற்பனைத் துறை இன்னும் பலமாகச் சொன்னது. இந்த ஒரு விஷயத்தில் குழு விட்டுக்கொடுக்கவில்லை. ஆங்கில வாசகமே செல்லுபடியாகும் என்ற வரியை மட்டும் அடியில் சேர்த்தோம்.

விற்பனையில் நடந்தது

தொடக்கம் மந்தம். பழைய ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் சிறிது, பேச வேண்டியது அதிகம். ஆடிட்டர் ஆபீஸ்களில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் இளைஞர்கள் சிலர் விற்பனை முகவராகப் பயிற்சி எடுத்த பிறகுதான் நகர்ந்தது. யாரிடம் எவ்வளவு துணி நிற்கும் என்பது ஏஜெண்டைவிட அவர்களுக்குத் தெரியும்.

18 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு முள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே உள்ள, பதிவு செய்யாத யூனிட் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. மிகச் சிறியவருக்குத்தான் பாலிசி விலை அதிகமாகிறது. வடிவமைப்பில் இதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்து ஏறக்குறைய 50 கடைகள் எரிந்தன. அதன் பிறகு சில வாரம் கிளையில் போன் ஓயவில்லை. கேட்டவர்களில் எடுத்தவர் பாதிகூட இல்லை. பயத்தில் கேட்பவரிடம் அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று விற்பனைப் பிரிவு சொல்லும். அந்த வாரங்களில் அவசரமாக எடுத்தவர்களில்தான் வரம்பைத் தப்பாகச் சொன்னவர்கள் அதிகம் என்பதையும் பின்னால் கண்டோம்.

ஒரு தீ

அதே ஆண்டு செப்டம்பரில், இருபது மெஷின்களுக்குச் சற்று மேல் போட்டிருந்த ஒரு யூனிட்டில் இரவில் அயர்ன் பகுதி வயரிங்கிலிருந்து தீ. ஆள் சேதம் இல்லை. எரிந்ததைவிடத் தீயணைப்புத் தண்ணீரில் நனைந்தது அதிகம். குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர், பாதி தைத்தது, பாதி கட்டிங் பண்டல்.

மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம். மறுநாள் வந்தார். முதல் சிக்கல் எடை. டி.சி.யில் துணி கிலோவில் இருக்கிறது, தரையில் கிடப்பது தண்ணீர் குடித்த துணி. நிறுத்தால் அனுப்பியதைவிட அதிகம் காட்டும். சர்வேயர் தராசை ஓரம் கட்டிவிட்டு, பண்டலில் ஒட்டியிருந்த எண் ஸ்டிக்கர்களை எண்ணச் சொன்னார். கட்டிங் மாஸ்டரின் நோட்டில் லே (வெட்ட அடுக்கிய துணி மடிப்பு) எத்தனை, சைஸ் வாரியாகப் பீஸ் எத்தனை என்று இருந்தது. ஸ்டிக்கர், நோட்டு, டி.சி. மூன்றும் ஒத்துப்போயின. எரிந்த பண்டல்களை, மொத்தக் கணக்கிலிருந்து மீதியைக் கழித்துக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது சிக்கல் வாசனை. நனையாத, கருகாத பீஸ்களும் புகை வாடை அடித்தன. சர்வேயர் அவற்றைத் துவைத்து செகண்ட்ஸாக விற்கலாம் என்று மீட்பு மதிப்பைக் கழிக்கப் பார்த்தார். கம்பெனி மறுத்தது. வெளிநாட்டு பிராண்டின் லேபிள் தைத்த பீஸ் ஒன்றுகூட உள்ளூர்ச் சந்தைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் ஒப்பந்தம். எங்கள் வாசகத்தில் லேபிள் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசியில் லேபிளை வெட்டி எடுத்துவிட்டு, பனியன் வேஸ்ட் விலைக்குக் கழிப்பது என்று பேசி முடித்தோம். இதிலேயே பல நாள் போயிற்று.

சனிக்கிழமைத் தொகை முதல் வாரம் போய்ச் சேரவில்லை. கணக்கு எண் சரிபார்ப்பு, உள் ஒப்புதல் என்று இழுத்து இரண்டாவது வாரம்தான் போனது. முதல் சனிக்கிழமை உரிமையாளர் கைமாற்று வாங்கிக் கொடுத்திருந்தார். வட மாநிலத் தொழிலாளர்கள் சிலர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார்கள், உள்ளூர் செட் தங்கியது.

பெரிய இடைவெளி பணத்தில் வந்தது. டி.சி.யில் துணியின் மதிப்பு பழைய நூல் விலைக் கணக்கில், பேருக்கு எழுதப்பட்டிருந்தது. விற்பனை இல்லையே, வெறும் ஜாப் ஒர்க் தானே என்று கம்பெனிகள் அப்படி எழுதுவது சகஜம். நாங்கள் அந்த மதிப்பையும், தைத்து முடித்த கூலியையும் கொடுத்தோம். கம்பெனியின் டெபிட் நோட்டோ துணியின் உண்மை விலை, சாயச் செலவு, பட்டன்-லேபிள், போதாததற்கு தாமதமான மீதி ஆர்டரை விமானத்தில் அனுப்பிய சரக்குக் கட்டணம் வரை ஏறியிருந்தது. மீதியை உரிமையாளர் பல மாதம் கூலி பில்லில் கழித்துக் கட்டினார். "பாலிசி இல்லைன்னா யூனிட்டையே மூடியிருப்பேனுங்க. இருந்தும் முழுசா தப்பிக்கலைங்க" என்றார். கிளெய்ம் கோப்பில் 'திருப்தியுடன் முடிந்தது' என்று எழுதியிருந்தார்கள்.

பின் விளைவு

அந்தத் தெருவில் மட்டும் கணிசமானோர் பாலிசி எடுத்தார்கள். சில ஏற்றுமதிக் கம்பெனிகள் ஜாப் ஒர்க் கொடுக்கும் முன் பாலிசி நகல் கேட்கத் தொடங்கின. விற்பனைக்கு இது லாபம். எனக்கு இதில் முழுச் சந்தோஷம் இல்லை. துணி கம்பெனியுடையது, ஆபத்தைச் சுமப்பது யூனிட், இப்போது பிரீமியமும் யூனிட்டின் தலையில். கூலி ரேட்டில் பீஸுக்குச் சில காசு சேர்த்துக் கொடுத்த கம்பெனிகளும் உண்டு, ஆனால் அரிது.

புதுப்பித்தல் முன்பைவிடக் கூடியது. கிளெய்ம் வராதவர்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள், "கட்டின பணம் திரும்ப வருமாங்க?" ஆயுள் காப்பீட்டுச் சேமிப்பில் பழகிய ஊரில் இந்தக் கேள்வி தீராது. கமிஷனிலிருந்து கொஞ்சம் திருப்பிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்த முகவர்களைக் கண்டிக்க வேண்டியிருந்தது, காப்பீட்டுச் சட்டம் 41ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

இனி மாற்ற வேண்டியவை

டி.சி. மதிப்பை ஆதாரமாக வைத்தது எளிமைக்காக. எளிமை அப்படியே இருக்கட்டும், ஆனால் பாலிசி எடுக்கும்போதே துணி வகைக்குக் கிலோ மதிப்பு ஒன்றை மூவரும், அதாவது கம்பெனி, யூனிட், காப்பீட்டு நிறுவனம், ஒப்புக்கொண்டு இணைக்க வேண்டும். விமானக் கட்டணம் போன்ற தாமதச் செலவுகள் அடங்காது என்பது தமிழ்த் தாளில் முதல் வரியாக வர வேண்டும். பிராண்ட் லேபிள் உள்ள சரக்கின் மீட்பு மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதும் வாசகத்திலேயே இருக்க வேண்டும்.

சனிக்கிழமைத் தொகைக்கான வங்கிக் கணக்கைப் பாலிசி எடுக்கும் அன்றே சரிபார்த்து வைத்து, ஒப்புதல் அதிகாரத்தைக் கிளை மேலாளருக்கே கொடுத்துவிடலாம். தொகை சிறியது, தலைமை அலுவலகம் பார்க்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், 1923 சட்டத்தைக் குறிப்பிடும் தொழிலாளர் பிரிவை மாற்றி எழுத வேண்டும்.

கடினமானது மற்றொன்று. ஏற்றுமதிக் கம்பெனிக்கும் தன் சரக்குக்குப் பாலிசி இருக்கலாம். அந்தக் காப்பீட்டு நிறுவனம் கம்பெனிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அலட்சியம் என்று காரணம் காட்டி அதே தொகையை யூனிட்டிடம் வசூலிக்க வர முடியும். நாங்கள் பார்த்த அந்தத் தீ விபத்தில், கம்பெனியின் பாலிசியில் இந்த ஷெட் முகவரி சேர்க்கப்படாததால் அந்தப் பிரச்சினை எழவில்லை. யூனிட்டின் பிரீமியத்தைக் கம்பெனி பகிர்ந்துகொள்ளாவிட்டாலும், தன் காப்பீட்டு நிறுவனம் ஜாப் ஒர்க் செய்பவர் மேல் அந்த வசூல் உரிமையைப் பயன்படுத்தாது என்று எழுதி வாங்கித் தரவாவது வேண்டும். நாங்கள் அணுகிய கம்பெனிகளில் இரண்டு இதற்கு ஒப்புக்கொண்டன. மற்றவை தங்கள் புரோக்கரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னதோடு நிற்கிறது.